ஹெஸ்கோ மண்கூடை: முகாம் வாசலுக்கு வாங்குமுன்

படைமுகாம் வாசலுக்கு அரண் வேண்டும், கையில் கிரேன் இல்லை, வேலை ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்றால் ஹெஸ்கோ மண்கூடைக்கு ஈடான சரக்கு வேறு இல்லை. ஆனால் கட்டிய கூடைகளை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டு, துணி கிழிந்து மண் கொட்டிய பிறகும் வாசல் பத்திரமாக இருப்பதாக நம்பும் முகாம்களும் உண்டு. சரக்கின் தரம் பாதிதான். உள்ளே போடும் மண்ணும் கட்டுகிறவர்களின் கவனமும்தான் மீதிப் பாதி.

கூடையின் அமைப்பு எளிது. 4 மி.மீ. கம்பியை மூன்று அங்குலக் கண்ணாகப் பற்றவைத்த வலை, அதன்மேல் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சு, உள்பக்கம் முழுக்க நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணி. வலைப் பலகைகளை மூலைகளில் சுருள்கம்பியால் கோத்திருப்பதால் மொத்தமும் தட்டையாக மடிந்து வரும். இழுத்தால் அறை அறையாக விரியும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நிலக்கரிச் சுரங்க வேலையை இழந்த ஜிமி ஹெசல்டன் 1989இல் தொடங்கிய ஹெஸ்கோ நிறுவனத்தின் சரக்கு இது. கரை அரிப்பையும் வெள்ளத்தையும் தடுக்கத்தான் அவர் இதைச் செய்தார். 1991 வளைகுடாப் போரில் படைகள் இதைக் கையில் எடுத்தன. அதன்பின் ஈராக், ஆப்கானிஸ்தான், ஐ.நா. அமைதிப்படை முகாம்கள் என்று எங்கும் பரவியது.

வாசலில் எடை ஏன் முக்கியம் என்று புரிய 1983 அக்டோபர் 23, பெய்ரூட் ஒன்றே போதும். விமான நிலையத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மரைன் படையினரின் கட்டடத்துக்குள் வெடிமருந்து லாரி புகுந்து 241 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அந்த லாரி முள்கம்பிச் சுருளை மிதித்துத் தாண்டி, இரண்டு காவல் நிலைகளுக்கு நடுவே ஓடி, திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே வந்தது. காவலர்களின் துப்பாக்கிகளில் குண்டு ஏற்றப்பட்டிருக்கவில்லை. முள்கம்பி ஆளைத் தாமதப்படுத்தும், லாரியைத் தடுக்காது. லாரிக்கு நேராக வேகமெடுக்க இடம் கொடுக்காத வளைவும், ஒதுக்கித் தள்ள முடியாத எடையும் வேண்டும். அந்த எடையைக் கப்பலில் ஏற்றி வராமல் அங்கேயே கிடைக்கும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் ஹெஸ்கோவின் பலம்.

வாசல் வேலைக்கு முக்கியமாக இரண்டு அளவுகள் போதும்; மில் 1, மில் 7 என்பவை அவற்றின் மாதிரிப் பெயர்கள். மில் 1 என்பது 1.37 மீட்டர் உயரம், 1.06 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். மில் 7 என்பது 2.21 மீட்டர் உயரம், 2.13 மீட்டர் அகலம், 27.74 மீட்டர் நீளம். கணக்கு போட்டுப் பார்த்தால் மில் 1 ஒரு நீட்டத்துக்கு (ஒரே தொகுதியாக மடிந்து வரும் கூடை வரிசை) சுமார் 14.5 கன மீட்டர் மண் வேண்டும். நம்மூர்க் கணக்கில் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல் (நூறு கன அடி ஒரு யூனிட்). மில் 7 ஒரு நீட்டம் 130 கன மீட்டரை விழுங்கும்: 46 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் பதினைந்து பதினாறு நடை. தளர்வாக வரும் மண் இடித்தால் அமுங்கும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவே சொல்லிவைக்க வேண்டும். வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் சோதனைத் தடத்தின் இரு பக்கமும் பக்கத்துக்கொரு மில் 7 நிறுத்துவதென்றாலே 92 யூனிட் ஆகிவிடுகிறது. கூடைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு மண்ணையும் லோடரையும் மறந்துபோகும் ஒப்பந்தங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

மண்ணைக் கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால், மில் 1 ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2.3 டன், மில் 7 ஏழரை டன். சாலையில் பார்க்கும் ஜெர்சி கான்கிரீட் தடுப்பு மீட்டருக்கு அரை டன்னிலிருந்து முக்கால் டன்வரைதான் வரும். எடைக்காக மட்டுமே மண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: வெடிப்பில் கான்கிரீட் சில்லுகளாகத் தெறிக்கும், மண் அதிர்ச்சியை உள்வாங்கித் தானே சிதைந்து அடங்கும். 60 செ.மீ. தடிமன் இருந்தாலே துப்பாக்கிக் குண்டும் வெடிச் சிதறலும் உள்ளே நின்றுவிடும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு நன்றாக இடித்து நிரப்பிய கூடைக்குத்தான்.

எந்த மண் என்பதில்தான் பெரும்பாலான தோல்விகள் தொடங்குகின்றன. மணலும் சன்னமான சரளையும் கலந்த மண்தான் சிறந்தது. நீர் வடியும், இடித்தால் இறுகும். பெரிய கற்களைப் போடவே கூடாது. வெடிப்பில் அவையே எறிபொருளாகிவிடும். புல், வேர், மட்கு கலந்த மேல்மண் நாளாக நாளாக அழுகி அமுங்கி, கூடையின் மேற்பாதியைக் காலியாக்கிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது கரிசல் மண். தென் சூடானில் மலக்கால், பெந்தியு பகுதி முழுக்கக் கரிசல்தான். கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை: மழையில் ஊதும், கோடையில் கைநுழையப் பிளக்கும். அதைக் கூடைக்குள் போட்டால் முதல் மழையில் வயிறு தள்ளும். கூடையின் அடியில் அப்படியே விட்டால் சுவர் ஒரு பக்கமாகச் சாயும். அங்கே கட்டுகிறவர்கள் வெளியிலிருந்து சிவப்பு கிராவல் கொண்டுவரத்தான் வேண்டும். அடித்தளத்திலும் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் பரப்பி, ரோலர் ஓட்டி, இருபுறமும் வடிகால் வெட்டிய பிறகே கூடையை விரிக்க வேண்டும்.

விரிக்கும் முறையில் சுருக்குவழி கிடையாது. முதலில் கயிறு கட்டி நேர்கோடு பிடிக்க வேண்டும். லோடர் திரும்ப ஒரு பக்கமாவது ஐந்தாறு மீட்டர் காலி இடம் வேண்டும். மில் 7 நீட்டத்தை ஆட்கள் இரு முனையிலும் பிடித்து இழுத்து விரிக்க வேண்டும். வண்டியில் சங்கிலி கட்டி இழுத்தால் சுருள்கம்பி கோணிக்கொள்ளும், பிறகு பக்கத்துக் கூடையோடு கோக்கவே முடியாது. ஒவ்வொரு அறையும் சதுரமாக நிற்கிறதா என்று பார்த்து, அடியில் இருக்கும் துணி மடிப்பை உள்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். இதை மறந்தால் மண் அடிவழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், மேலே எவ்வளவு கொட்டினாலும் நிற்காது. அடுத்த நீட்டத்தை இணைக்க இரண்டு பக்கச் சுருள்களையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, நடுவே கம்பி ஊசியை மேலிருந்து கீழ்வரை இறக்க வேண்டும். கேபிள் டை தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளத்தான். ஊசி தீர்ந்துவிட்டது என்று டையோடு விட்ட இணைப்புகள் மண் ஏறியதும் பிரிந்துவிடும்.

மண்ணை முதலில் எல்லா அறைகளிலும் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு வடிவத்தை நிலைநிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு சாணாக ஏற்றி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இடிக்க வேண்டும். மூலைகளைக் காலால் மிதித்தாவது இறுக்க வேண்டும். ஓர் அறையை வாய்வரை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனால் நடுப்பலகை காலியான பக்கம் உப்பும். அதைத் திரும்ப நேராக்க முடியாது, மண்ணை வாரி எடுத்துத்தான் தொடங்க வேண்டும். பக்கெட் தலைக்கு மேலிருக்கும்போது உள்ளே ஆள் நிற்கக் கூடாது. அவசரத்தில் தினமும் மீறப்படும் விதி இது. மில் 7க்கு 2.21 மீட்டருக்கு மேல் பக்கெட்டைக் கவிழ்க்க வேண்டும். ஜேசிபியின் முன்பக்கெட் எட்டும், சின்ன ஸ்கிட் லோடர்கள் பலவும் எட்டாது. கடைசியில் மேற்பரப்பை நடுவில் மேடாக்கி, மண்மூட்டையோ மெல்லிய சிமெண்ட் பூச்சோ போட்டு மூட வேண்டும். தட்டையாக விட்டால் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கும்.

இனி வாசலில் எதை எங்கே நிறுத்துவது. அமெரிக்க ராணுவத்தின் வடிவமைப்பு நெறிகள் வாசலை அணுகு பகுதி, சோதனைப் பகுதி, பதில் நடவடிக்கைப் பகுதி என்று பிரிக்கின்றன. இவற்றைச் சுற்றிப் பாதுகாப்பு இடைவெளி. அணுகு பகுதியில் வண்டியை வளைந்து வளைந்து வரவைக்க மில் 1 நல்லது. மார்பளவு உயரம்தான் என்பதால் கோபுரத்திலிருப்பவருக்கு வண்டியின் கண்ணாடியும் ஓட்டுநரும் தெரியும். அங்கே மில் 7 வைத்து உயர்த்துவது பெரிய பிழை, காவலரின் கண்ணை நாமே கட்டுவதாகிவிடும். மில் 7க்குரிய இடம் வண்டியைத் திறந்து பார்க்கும் சோதனைத் தடத்தின் இரு பக்கமும், காத்திருக்கும் தொழிலாளர் வரிசைக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவிலும். தினமும் காலையில் வாசலில் நிற்கும் சமையல், துப்புரவு, கட்டுமானத் தொழிலாளர்கள்தான் வெடிப்பில் முதலில் சிக்குகிறவர்கள். பல முகாம்கள் அந்த வரிசைக்கு நிழற்கூரை மட்டும் போட்டுவிட்டு அரணை உள்ளே இருப்பவர்களுக்கே ஒதுக்கிவிடுகின்றன. முதல் நீட்டம் எங்கே என்று கேட்டால், பதில் அந்த வரிசைக்குத்தான்.

கடைசித் தடுப்புக்கு ஹெஸ்கோ ஆகாது. அது திறந்து மூட வேண்டிய இடம். அங்கே தரையிலிருந்து எழும் தகடோ மேலிருந்து விழும் தடுப்புக் கையோ வேண்டும். அதற்கு, வாகன மோதலைத் தாங்கும் தடுப்புகளுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்2656இல் எம்50 சான்று இருக்க வேண்டும். 6,800 கிலோ லாரி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மோதிய சோதனை அது. அந்தத் தடுப்பின் இரு தோள்களிலும் இடைவெளியில்லாமல் ஹெஸ்கோவை இணைப்பதுதான் சரி. எம்50 தடுப்பைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கார் நுழையும் அளவுக்கு இடம் விட்டால் செலவு முழுக்க வீண்.

குறைகளில் முதலாவது, மூன்று அங்குலக் கண் கால்விரலுக்கு நல்ல பிடி. ஆள் ஏறுவதைத் தடுக்கும் வேலியாக இதை எண்ணக் கூடாது. மேலே முள்சுருளும் அதைப் பார்க்கும் காவலரும் வேண்டும். 2012 செப்டம்பர் 14 இரவு ஆப்கானிஸ்தானின் கேம்ப் பாஸ்டியனுக்குள் அமெரிக்கச் சீருடையில் 15 தாலிபான்கள் கம்பிவேலியை வெட்டி நுழைந்தார்கள். அருகிலிருந்த காவல் கோபுரத்தில் ஆளில்லை. இரண்டு மரைன்கள் இறந்தார்கள், ஆறு ஹாரியர் விமானங்கள் அழிந்தன. சுவரும் வேலியும் நேரத்தைத்தான் வாங்கித் தரும். அந்த நேரத்தைப் பயன்படுத்த ஆள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, துணி. வெயிலில் பாலிப்ரொப்பிலீன் நொறுங்கும். தெற்கு, மேற்கு முகங்கள் முதலில் போகும். தீயும் ஆகாது: ஜெனரேட்டர் புகைக்குழாயையோ குப்பை எரிக்கும் குழியையோ அருகில் வைத்தால் துணி உருகி மண் சரியும். வண்டி உரசும் மூலைகளில் கம்பி அறும். அங்கே முன்னால் ஒரு ஜெர்சி தடுப்பை நிறுத்திக் காப்பாற்றலாம். ஜிபூத்தி போன்ற கடலோர முகாம்களில் வெட்டிய கம்பி முனைகளில் துரு முந்தும். மழைக்கு முன்னும் பின்னும் சுவர் நெடுக நடந்து, உப்பல், சாய்வு, அடிக்கசிவு மூன்றையும் பார்ப்பது கட்டாயம். சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுத்துப் பயனில்லை. பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

நெடுங்காலம் நிற்கப்போகிற முகாம் என்றால் உயரமான டி வடிவக் கான்கிரீட் சுவர்களே மேல். ஒவ்வொன்றும் பல டன், கிரேன் இல்லாமல் அசையாது. ஆனால் இடம் குறைவாக எடுக்கும், ஏற முடியாது, வெயிலுக்கு அஞ்சாது. மில் 7 தரையில் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் தின்பதால் குறுகிய சாலையில் அதற்கு இடமே இருக்காது. முதல் ஆண்டு ஹெஸ்கோ, பிறகு படிப்படியாகக் கான்கிரீட் என்று தொடக்கத்திலேயே திட்டம் எழுதிக்கொள்வது நல்லது.

வாங்கும்போது ஊசி கழற்றிப் பிரிக்கும் வகையையே கேளுங்கள். சற்று விலை கூடினாலும், ஊசியை உருவினால் ஒரு முகம் திறந்து மண் சரிந்துவிடும், கூடையை மடித்து இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போகலாம். பழைய வகையைப் பிரிக்க எக்ஸ்கவேட்டரால் கிழிக்கத்தான் வேண்டும். கம்பியும் துணியும் மண்ணும் கலந்த குப்பையை உள்ளூர் நிலத்தில் விட்டுப்போவது சரியல்ல. மலிவான நகல்களில் கம்பித் தடிமனை அளந்து பாருங்கள், பற்றவைத்த கண்களைக் கையால் முறுக்கிப் பாருங்கள். பூச்சு இல்லாத கம்பி ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பேறும். ஆர்டரிலேயே உதிரி ஊசிகள், கிழிசல் தைக்கத் துணிச்சுருள், அதைக் கம்பியோடு பிடிக்க வளையக் கிளிப்புகளும் அதற்கான குறடும் சேர்த்து எழுதிவிடுங்கள். தனியாகக் கேட்டால் இவை வந்துசேர மாதங்கள் ஆகும்.