எங்கள் கம்பஸின் கல்வி ஆலோசகர் சேவை: மூன்று செமஸ்டர் அனுபவம்

கொழும்பில் நான் படிக்கும் கம்பஸில், சேர்ந்த உடனேயே ஒவ்வொருவருக்கும் ஒரு விரிவுரையாளரைக் கல்வி ஆலோசகராகக் குறித்துவிடுவார்கள். வவுனியாவில் தமிழ் மீடியத்தில் ஏ.எல். முடித்து வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கும் எனக்கு, அவர் எதற்கென்றே முதலில் விளங்கவில்லை.

முதல் சந்திப்பு மூன்று நிமிடம். பாடத்தெரிவுப் படிவத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பிறகு நான் போட்ட மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. அந்தச் செமஸ்டரில் புள்ளிவிபரவியல் பெயில்.

இரண்டாம் செமஸ்டரில் ஆலோசகர் மாறினார். புதிய மேடம் சிங்களவர். என் ஆங்கிலம் தடுமாறினாலும் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெறுபேற்றைப் பார்க்குமுன் என் ஒரு நாள் எப்படிப் போகிறது என்றுதான் கேட்டார். பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் கொடுக்கிறேன், போக்குவரத்தோடு வாரத்துக்கு 22 மணித்தியாலம். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி (SLQF) ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால வேலை: விரிவுரை, சொந்த வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் சேர்த்து. ஒரு செமஸ்டரில் நான் எடுத்த 15 கிரெடிட்டுக்கு 750. பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 50. அதற்கு மேல் என் 22. நான் சோம்பேறி என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

டியூஷனை விடச் சொல்லவில்லை. வீட்டு நிலைமையைக் கேட்டார். எதை விட்டால் காசு அதிகம் குறையாது என்று சேர்ந்து பார்த்தோம். பஸ்ஸிலேயே நேரம் போகும் தெஹிவளை வகுப்பை நிறுத்தினேன். கனமான தெரிவுப் பாடம் ஒன்றை அடுத்த வருடத்துக்குத் தள்ளி, பெயிலான புள்ளிவிபரவியலை ரிப்பீட் செய்ய இடம் எடுத்தோம். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கையில் அழுதுவிட்டேன். அது தன்னால் தனியாகப் பார்க்கக்கூடியது இல்லை என்று சொல்லி, உளவள ஆலோசகரின் அறை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அதை மறக்கமாட்டேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். நல்ல ஆலோசகர் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருக்கக் கூடாது, அதற்காகத்தான் ஒன்றைக் குறைத்தேன். புதிதாகச் சேர்பவர்கள் பெறுபேறு வரும் வரை காத்திராமல் இரண்டாம் வாரமே போங்கள். நேர அட்டவணையையும் கொண்டு போங்கள், வேலை செய்யும் நேரத்தை மறைக்க வேண்டாம்.

எங்கள் கம்பஸில் ரிப்பீட்டில் எவ்வளவு கூடப் புள்ளி எடுத்தாலும் ஆகக் கூடிய கிரேட் சி தான். போன மாதம் அந்த சி எனக்குக் கிடைத்தது.