உப்பைத் தாங்கும் தீவனம்: உமரியா, அட்ரிப்ளெக்ஸா, புல்லா?

கிணற்று நீர் உப்பாகிப்போன கடலோரத்தில் கால்நடைக்கு என்ன பயிரிடலாம் என்று கேட்டால், முதலில் வந்து விழும் பெயர் உமரி. கடல்நீரிலேயே வளருமே! வளரும்தான். ஆனால் செடி எவ்வளவு உப்பைத் தாங்குகிறது என்பதைவிட, அந்த உப்பை எங்கே வைத்துக்கொள்கிறது என்றுதான் நான் பார்ப்பேன். இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்தால் அது அப்படியே மாட்டின் வயிற்றுக்குப் போகும். அதை வெளியேற்ற மாடு நல்ல தண்ணீராகக் குடித்துத் தள்ளும். நல்ல தண்ணீர் இல்லையென்றுதானே இந்தத் தேடலே!

உமரியை எடுத்துக்கொள்வோம். பிச்சாவரம், வேதாரண்யம் சதுப்புகளில் தானாக வளரும் செடி இது, தாவரவியலில் சாலிகார்னியா. இதன் அமெரிக்க உறவான சாலிகார்னியா பிகலோவியை மெக்சிகோவின் சோனோரா கடற்கரையில் வெறும் கடல்நீர் பாய்ச்சி ஆறு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தார்கள். 1991-ல் வெளியான முடிவுகளின்படி ஹெக்டேருக்குச் சுமார் 1.4 முதல் 2.5 டன் விதை கிடைத்தது. விதையில் 26 முதல் 33 சதவீதம் எண்ணெய், சுமார் 31 சதவீதம் புரதம், உப்போ மிகக் குறைவு. சோயாவோடு போட்டி போடும் கணக்கு.

வில்லங்கம் தட்டையில் இருக்கிறது. உப்பெல்லாம் அதில்தான். வழக்கமான தீவனத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக இதைக் கொடுத்த சோதனைகளில் ஆடுகளின் எடை குறையவில்லை, இறைச்சியும் கெடவில்லை. ஆனால் அதே எடைக்குக் கூடுதலாகத் தின்றன, கூடுதலாகத் தண்ணீரும் குடித்தன. பாசனமும் சும்மா வருவதில்லை. கடல்நீர் இலவசம், இறைப்பதற்குக் காசு. வேரடியில் உப்பு தேங்காமல் இருக்கத் தேவைக்கு மேல் பாய்ச்சி வடியவிட வேண்டும். மணற்பாங்கான கரையோரத்துக்கு இது சரி. உள்நாட்டில் போய்ச் செய்தால் பக்கத்து ஊர்க் கிணறும் போச்சு.

அட்ரிப்ளெக்ஸ் என்ற உப்புப் புதர் வேறு ரகம். மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டை அழித்துக் கோதுமை போட்டதில் நிலத்தடி நீர் மேலேறி, உப்பையும் கூடவே கொண்டுவந்தது. அந்த நிலங்களில் செம்மறி மேய்ச்சலுக்கு இந்தப் புதரை நடுகிறார்கள். மற்ற மேய்ச்சல் காய்ந்த காலத்திலும் பச்சையாக நிற்கும். வேர் ஆழமாக இறங்கி நீர்மட்டத்தையும் தாழ்த்தும். புரதத்தை நைட்ரஜன் அளவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்; அப்படி இலையில் புரதம் நிறைய இருப்பதாகக் காட்டினாலும் அந்த நைட்ரஜனில் கணிசமான பங்கு உண்மையான புரதம் அல்ல. உலர் இலையில் சாம்பல், அதாவது எரித்தால் மிஞ்சும் உப்பும் தாதுக்களும், மட்டுமே 20 முதல் 30 சதவீதம் வரை போகும், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட்டும் உண்டு. தனியாகக் கொடுத்தால் ஆடு தேறாது. வைக்கோலோ தானியமோ சேர்க்க வேண்டும். பஞ்ச காலத்துக் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

(கட்ச் வளைகுடாவின் கராய் ஒட்டகங்கள் தீவுகளுக்கு நீந்திப்போய்க் கண்டல் (அலையாத்தி) இலை தின்பதை, உப்புத் தீவனம் போதும் என்பதற்குப் பலர் உதாரணம் காட்டுவார்கள். தீவில் தேங்கும் மழைநீர் தீர்ந்தால் அவையும் குடிக்கக் கரைக்குத் திரும்பியாக வேண்டும்.)

என் ஓட்டு பேனிகம் டர்ஜிடம் என்ற புல்லுக்கு. உப்பை இலையில் அதிகம் சேர விடாத ரகம். கராச்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உவர்நீர் பாய்ச்சி இதை வளர்த்தார்கள். ஒரு வரிசை புல், பக்கத்தில் சுவேடா என்ற உப்புறிஞ்சிச் செடி ஒரு வரிசை. மண்ணில் சேரும் உப்பைச் சுவேடா இழுத்துக்கொள்ளும், அதை அறுத்து அப்புறப்படுத்திவிடலாம். 2009-ல் வெளியான அந்த ஆய்வில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 60 டன் பசும்புல் கிடைத்தது. பச்சை மக்காச்சோளத்தட்டைக்குப் பதில் இதைத் தின்ற கன்றுகளும் அதற்கு ஈடாக வளர்ந்தன. ஒரே நிபந்தனை, அங்கே பாய்ச்சிய நீரின் உப்பு கடல்நீரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். முழுக் கடல்நீர் மட்டுமே கையில் இருந்தால் இந்தப் புல்லை நம்பி இறங்க வேண்டாம், உமரிதான் கதி.

அப்போதும் உமரியை மாட்டுக்கு வெட்டிப் போடுவதைவிட விதையை எண்ணெய்க்கும் இளந்தண்டைச் சமையலுக்கும் ஒதுக்குவதே லாபம். மனிதர்களுக்கு ஒரு வசதி உண்டு: வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் உப்பில் பெரும்பகுதி போய்விடும். ஐரோப்பாவில் மீனோடு பரிமாறும் விலை உயர்ந்த காய் இது. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு ஆய்வு நிறுவனம் நம் ஊர் உமரியிலிருந்து தாவர உப்பே எடுத்துக் காப்புரிமையும் வாங்கியிருக்கிறது. சமையலுக்கு என்றால் நுனி இளசாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். முற்றினால் தண்டின் நடுவில் நார் கட்டிவிடும், வாயில் வைக்க முடியாது.