வேலியா, ஊராரா, தடையா: ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வேட்டையும் காட்டு விலங்குப் பாதுகாப்பும்

சோபே ஆற்றின் தென்கரையில் நின்று நீர் குடிக்கும் ஓர் ஆண் யானை போட்ஸ்வானா அரசின் பொறுப்பில் இருக்கிறது. அதே யானை மாலையில் ஆற்றைக் கடந்து வடகரையில் ஏறினால் நமீபியாவின் சாம்பெசி மாகாணத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கே அந்த விலங்கால் கிடைக்கும் வருமானத்தில், கரையோரத்தில் மக்காச்சோளமும் கம்பும் விதைக்கும் ஊராருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அது தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், முறையாக வேலியிட்ட ஒரு பண்ணைக்குள் பிறந்திருந்தால், பண்ணை உரிமையாளரின் சொத்தாக இருந்திருக்கும். இந்த மூன்று நாடுகளும் வேட்டையைப் பற்றி எடுத்த முடிவுகள் யாவும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன. ஆகவே, கொம்பையும் தலையையும் தோலையும் வீட்டுச் சுவருக்காக எடுத்துச் செல்லும் 'டிராஃபி' வேட்டை சரியா தவறா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, ஒரு விலங்கு உயிரோடு நிற்பதால் அந்த நிலத்தில் வாழ்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியைக் கொண்டு மூன்று வழிகளையும் அளந்து பார்க்க விரும்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் வழி வேலியின் வழி. பழைய சட்டத்தில் காட்டு விலங்கு யாருக்கும் உரியதல்ல. வேலி உடைந்து பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டால், வளர்த்தவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது. 1991இல் இயற்றப்பட்ட வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. தகுந்த வேலி இருப்பதாகச் சான்று பெற்ற நிலத்தின் உரிமையாளர், விலங்கு தப்பிப் போனாலும் அதன் உரிமையை இழக்கமாட்டார் என்று அது உறுதி செய்தது. மழை குறைந்து, மாடு வளர்ப்பில் இலாபமும் குறைந்துகொண்டிருந்த வறண்ட மாவட்டங்களில் பண்ணைக்காரர்கள் மாடுகளை விற்றுவிட்டு இம்பாலா, கூடூ மான்களையும் வரிக்குதிரையையும் வாங்கிவிட்டனர். இன்று ஏறத்தாழ 9,000 பண்ணைகள் சுமார் 1.7 கோடி ஹெக்டேரில் இவ்வாறு காட்டு விலங்குகளை வளர்க்கின்றன. இது அந்நாட்டின் தேசியப் பூங்காக்கள் அனைத்தின் மொத்தப் பரப்பைப்போலப் பல மடங்கு. இந்தப் பண்ணைகள் வெளிநாட்டுப் பணக்கார வேட்டைக்காரர்களை மட்டும் நம்பி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலம் வந்ததும் உள்ளூர்க் குடும்பங்கள் துப்பாக்கியோடு கிளம்பி, ஒரு ஸ்பிரிங்பொக் மானையோ இம்பாலாவையோ சுட்டு, நம் உப்புக்கண்டம்போல 'பில்டாங்' போட்டு ஆண்டு முழுதும் வைத்துக்கொள்கின்றன. எண்ணிக்கையில் பெரும்பகுதி வேட்டை இந்த இறைச்சி வேட்டைதான்.

இந்த வழியின் நன்மையை மறுக்கவே முடியாது. 1931இல் பொன்டெபொக் மானுக்கென்று ஒரு தேசியப் பூங்கா தொடங்கப்பட்டபோது அதற்குள் விடப்பட்டவை 17 மான்கள்தாம். அந்த இனம் அதுவரை அழியாமல் இருந்ததற்கும் பின்னர்ப் பெருகியதற்கும் தனியார் பண்ணைகள் பெரும் காரணம். வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதை இன்னும் தெளிவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாக, உம்ஃபொலோசிப் பகுதியில் ஒடுங்கிக் கிடந்த தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்களை, 1960களில் காட்டுக் காவல் அதிகாரி இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பிற இடங்களுக்கும் தனியார் நிலங்களுக்கும் அனுப்பினர். 1968இல் அவற்றை வரையறையோடு வேட்டையாட அனுமதி கிடைத்தது. முதலில் அரசு மிகக் குறைந்த நிலை விலைக்கு விற்றதால், வாங்கியவர்கள் இனப்பெருக்கத்துக்கு விடாமல் உடனே வேட்டைக்கு விற்று இலாபம் பார்த்தனர். 1989 முதல் ஏலத்தில் உண்மையான சந்தை விலை வந்த பிறகுதான், கன்று போடும் பசுவைக் காப்பதுபோல் காண்டாமிருகத்தைக் காக்கும் எண்ணம் பண்ணைக்காரர்களுக்கு வந்தது. இன்று தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கு மேல் தனியாரிடம் இருக்கின்றன. விலையும் உரிமையும் மனித நடத்தையை எவ்வளவு மாற்றுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

ஆனால் அதே விலையும் உரிமையும் வேறொரு திசையிலும் இழுத்துச் சென்றன. விலங்கு சொத்தானதும், அதன் உடம்பைத் திருத்தும் ஆசை வந்தது. தங்க நிற வில்டபீஸ்ட், கருநிற இம்பாலா என்று இயற்கையில் அரிதாக மட்டுமே தோன்றும் நிறங்களைச் சிறு பட்டிகளில் அடைத்துப் பெருக்கினார்கள். பெரிய கொம்புள்ள ஓர் எருமைக் கடாவின் கால் பங்கு 2016இல் விற்கப்பட்டபோது, அதன் முழு மதிப்பு 17 கோடி ராண்டுக்கு (தென்னாப்பிரிக்க நாணயம்) மேல் போனது. அந்த விலைகள் விரைவிலேயே சரிந்தன. வாங்குவோரில் பெரும்பாலோர் மற்ற வளர்ப்பாளர்களே என்பதால் அது சரியாமல் இருந்திருக்க வழியில்லை. சிங்கத்தின் நிலை இதைவிட வருத்தத்துக்குரியது. குட்டிப் பருவத்தில் சுற்றுலாப் பயணிகள் தடவிக் கொடுக்கவும், வளர்ந்தபின் வேலிக்குள் சுடப்படவும், இறுதியில் எலும்பு ஆசியச் சந்தைக்குப் போகவும் வளர்க்கப்படும் சிங்கங்கள், அந்நாட்டின் காடுகளில் வாழும் சிங்கங்களைவிட எண்ணிக்கையில் அதிகமாயின. 2021இல் அரசின் உயர்நிலைக் குழு இந்தத் தொழிலை முடித்துவைக்கப் பரிந்துரைத்தது. இயற்கைப் பாதுகாப்புக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை என்பதே என் கருத்தும்.

வேலிக்கும் தனியே ஒரு விலை உண்டு. மான் பண்ணைக்காரருக்குச் சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் காட்டு நாயும் இழப்பை உண்டாக்கும் பகைகள். ஆகவே விலங்கு நிறைந்த நிலமாக இருந்தும் அங்கே இரைகொல்லி விலங்குகளுக்கு இடமில்லாமல் போகிறது. மின்வேலியின் கீழ்க்கம்பியில் படும் அழுங்கு, ஆபத்து வந்ததும் தன் இயல்புப்படி சுருண்டுகொள்கிறது. சுருளும்போது கம்பியையே சுற்றிக்கொள்வதால் விடுபட முடியாமல் இறந்துபோகிறது. ஒன்பதாயிரம் பண்ணைகளின் வேலிகளையும் சேர்த்து நினைக்கும்போது, மழையைத் தேடி நடந்து வாழ்ந்த கூட்டங்களுக்கு நடக்கவே இடமில்லை என்பது புரியும்.

ஒரே சந்தையை நம்பும் பண்ணைக்கு என்ன நேரும் என்பதை 2023 காட்டியது. ஜான் ஹியூம் என்ற தொழிலதிபர் ஏறத்தாழ 2,000 வெள்ளைக் காண்டாமிருகங்களை 7,800 ஹெக்டேரில் வளர்த்து, வலியின்றிக் கொம்பை அறுத்துச் சேமித்து, ஒருநாள் சட்டபூர்வச் சந்தை திறக்கும் என்று காத்திருந்தார். பன்னாட்டுக் கொம்பு வணிகம் 1977 முதல் தடையில் இருக்கிறது. அந்தத் தடை நீங்கவில்லை. அந்த ஆண்டு அவர் நடத்திய ஏலத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. 'ஆப்பிரிக்கன் பார்க்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் அவற்றை வாங்கி, பத்து ஆண்டுகளில் காடுகளில் கொண்டுபோய் விடும் பொறுப்பை ஏற்றது. விலங்குகளைப் பெருக்கும் திறமை அந்தப் பண்ணைக்கு நிறையவே இருந்தது. பெருகியவற்றுக்கு ஒரு காடு இருக்கவில்லை.

நமீபியாவும் முதலில் இதே வழியில்தான் தொடங்கியது. தென்னாப்பிரிக்க ஆட்சிக் காலத்தில், 1975இன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் வெள்ளையர் பண்ணைகளுக்கு வேட்டை விலங்குகளின் மேல் உரிமை தந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பொது நிலங்களில் அதே விலங்கைத் தொட்டால் குற்றம். 1980களின் தொடக்கத்தில் நாட்டின் வடமேற்கே குனேனேப் பகுதியில் வறட்சியும் கள்ளவேட்டையும் சேர்ந்து யானையையும் கருப்புக் காண்டாமிருகத்தையும் அழித்துக்கொண்டிருந்தபோது, கார்த் ஓவன்-ஸ்மித் என்ற இயற்கைப் பாதுகாப்பாளர் சீருடைக் காவலரை அனுப்பாமல், ஊர்த் தலைவர்களிடம் போய் அமர்ந்து பேசினார். தலைவர்கள் தங்கள் ஆட்களையே காவலராக நியமித்தனர். சிலர் முன்பு கள்ளவேட்டை ஆடியவர்கள். விடுதலைக்குப் பின் 1996இல் வந்த திருத்தச் சட்டம், வெள்ளையர் பண்ணைகளுக்கு இருந்த உரிமையை ஊர்ச் சமூகங்களுக்கும் விரித்தது. எல்லையை அண்டை ஊர்களோடு பேசி வரையறுத்து, உறுப்பினர் பட்டியலும் குழுவும் விதிமுறையும் அமைத்துப் பதிவு செய்துகொண்டால் அது ஒரு 'கன்சர்வன்சி'. 1998இல் முதல் நான்கு பதிவாயின. இன்று 86 இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அவை கொண்டுள்ளன.

இந்த வழியில் என்னை ஈர்ப்பது அதன் அன்றாட நடைமுறை. ஊர்க் காவலர் ஒவ்வொருவரும் தம் பகுதியில் நடந்ததை, யானை தொட்டியை உடைத்ததையும் சிங்கம் ஆடு அடித்ததையும் கண்ணியில் சிக்கிய மானையும், ஒரு குறிப்பேட்டில் பதிகிறார். அந்தப் பதிவும் ஆண்டுக் கணக்கெடுப்பும் சேர்ந்தே எத்தனை விலங்கைச் சுடலாம் என்ற அளவை அமைச்சகத்தோடு பேசி முடிவு செய்ய உதவுகின்றன. சுற்றுலா விடுதிகளில் வேலையும் பங்குத் தொகையும் கிடைக்கின்றன. ஆனால் விடுதி கட்டுவதற்கு முதலீட்டாளரும் சாலையும் அழகிய காட்சியும் வேண்டும், அவை அமையப் பல ஆண்டுகள் ஆகும். வேட்டை ஒப்பந்தத்துக்கு இவை தேவையில்லை. வேட்டைப் பணம் பதிவான சில மாதங்களிலேயே வந்து காவலரின் சம்பளமாகிறது. இறைச்சி ஊருக்குள் பங்கிடப்படுகிறது. பாலைநிலத்தின் ஓரத்தில், பெரும்பாலான பயணிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. நயே நயே கன்சர்வன்சியில், அப்பகுதியின் தொல்குடிகளான சான் மக்கள் தங்கள் வில்லாலும் நச்சு அம்பாலும் வேட்டையாடும் உரிமையையும் சட்டப்படியே வைத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ஒரு குடும்பத்தின் கையில் சேரும் ரொக்கம் சிறியது. குழுவின் தலைமையில் இருப்பவர்கள் பணத்தை முறையாகக் கணக்குக் காட்டாத ஊர்களும் இருக்கின்றன. குனேனேயில் சென்ற பத்தாண்டின் நீண்ட வறட்சி விலங்குகளின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தது. அளவைத் திருத்துவதில் தாமதம் ஏற்பட்டால் வேட்டை அந்தச் சரிவை ஆழப்படுத்தும். 2014இல் ஒரு கருப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி அமெரிக்காவில் 3,50,000 டாலருக்கு ஏலம் போனபோது உலகெங்கும் கோபம் எழுந்தது. அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். எனினும் அது இனப்பெருக்க வயது கடந்து பிற காண்டாமிருகங்களைத் தாக்கிய கிழட்டு ஆண் விலங்கு என்பதும், பணம் பாதுகாப்புக்கான அரசு நிதிக்குப் போனது என்பதும், நாட்டில் 1990களின் நடுவில் 7,500 அளவில் இருந்த யானைகள் இன்று 20,000க்கு மேல் என்பதும் அதே தராசில் வைக்கப்பட வேண்டியவை.

போட்ஸ்வானா எதிர்த்திசையில் நடந்து பார்த்தது. வான்வழிக் கணக்கெடுப்பு ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்புநிலத்தில் பல இனங்கள் பெருமளவு குறைந்ததைக் காட்டிய பின், 2014 ஜனவரியில் அதிபர் இயன் காமாவின் அரசு வேட்டையை நிறுத்தியது. ஒளிப்படச் சுற்றுலா அந்த இடத்தை நிரப்பும் என்பது எதிர்பார்ப்பு. ஒகவாங்கோவின் நீர்நிலைகளைச் சுற்றி அது பெரிதும் நிறைவேறியது. உலகில் அந்த அழகுக்கு ஈடில்லை. அங்கே வாழும் பதவானா மக்களே 1963இல் தங்கள் நிலத்தில் மொரேமிக் காப்பகத்தை ஒதுக்கியதை நினைத்தால், அங்குள்ள பாதுகாப்பு மரபு எவ்வளவு ஆழமானது என்பதும் தெரியும். ஆனால் மொபானே மரங்கள் மட்டும் நிற்கும் வறண்ட உட்பகுதிகளுக்கு, வேட்டைக்காரர் போன இடத்தில் ஒளிப்படக்காரர் வரவில்லை. வேட்டை வருமானத்தில் குடிநீரும் வேலையும் பெற்ற சங்குயோ போன்ற ஊர்கள் அவற்றை இழந்தன; யானையோ வயலுக்கு வருவதை நிறுத்தவில்லை. அந்தத் தடை தனியார் வேட்டைப் பண்ணைகளுக்குப் பொருந்தவில்லை, ஆனால் இறைச்சிக்காக மான் வேட்டையாடும் சான் மக்களைத் தாக்கியது என்பதே எனக்கு மிகவும் உறுத்துகிறது. மத்திய கலகாரிக் காப்பகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, 2006இல் நீதிமன்றத்தில் வென்று திரும்பிய மக்கள் அவர்கள்.

2019 மே மாதம் அடுத்த அதிபர் மசிசியின் அரசு தடையை நீக்கியது. 1,30,000க்கு மேற்பட்ட யானைகள் உள்ள நாட்டில், ஆண்டுக்கு ஏறத்தாழ 400 என்ற வேட்டை அளவால் எண்ணிக்கை குறையாது; ஆகவே 'யானை பெருகிவிட்டது, அதனால் வேட்டை' என்ற வாதம் கணக்குக்கு நிற்பதில்லை. நிற்கும் வாதம் ஊராரின் வருமானமே. அதோடு, வேட்டைக்காரர் தேடுவது பெரிய தந்தமுள்ள மூத்த ஆண் யானைகளை. இளைய ஆண்களை நெறிப்படுத்துவதும் வறட்சியில் வழிகாட்டுவதும் அவைதாம் என்பதால், மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து அளவு விதிப்பது போதாது.

ஜிம்பாப்வேயைச் சுருக்கமாகச் சொல்லலாம். விலங்கு வருமானத்தில் ஊராருக்குப் பங்கு தர 1989இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டம் நமீபியாவுக்கு முன்னோடி. ஆனால் அங்கே உரிமை ஊருக்குப் போகாமல் மாவட்டக் கவுன்சிலிடம் நின்றது, பணமும் பெரும்பாலும் அங்கேயே நின்றது. 2015இல் சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டு உலகம் கொதித்தபோது, அது வாழ்ந்த ஹுவாங்கே தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் சிங்கத்துக்கு மாட்டைப் பறிகொடுத்தவர்களின் குரல் கேட்கப்படவே இல்லை.

இவற்றை எல்லாம் எடைபோட்டு, குறைகளோடு சேர்த்தே நமீபிய வழியை நான் முதலில் வைக்கிறேன். அங்கே விலங்கும் நடக்கலாம், அதோடு வாழ்பவரும் முடிவெடுப்பதில் பங்கு கொள்ளலாம். வேலிப் பண்ணை அதற்கு அடுத்து வருகிறது, ஆனால் பட்டிகளில் நிறம் வளர்ப்பதையும் சிங்கம் வளர்ப்பதையும் கைவிட்டு, அண்டைப் பண்ணைகள் வேலிகளை இறக்கி ஒன்றுசேரும் இடங்களில் மட்டும்.

2023இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை, வேட்டைச் சின்னங்களை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மேலவையில் அது முடங்கியது. இத்தகைய தடைகள் பெருகினால் தென்னாப்பிரிக்கப் பண்ணைக்காரர் பில்டாங் விற்று ஓரளவு தாக்குப்பிடிப்பார், இயலாதவர் மாட்டுக்குத் திரும்புவார். ஒகவாங்கோவின் விடுதிகளுக்கு ஒன்றும் ஆகாது. விடுதியே இல்லாத நமீபிய ஊரிலோ, குறிப்பேட்டோடு நடக்கும் காவலரின் அடுத்த மாதச் சம்பளம்தான் முதலில் நிற்கும்.