குழந்தைக்கான ஃபோம் இருக்கை: உட்கார வைக்கும், உட்காரக் கற்றுத்தராது

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தமாகிவிடுகிறது. இன்னொன்று, நம் இரண்டு கைகளுக்கும் கொஞ்ச நேரம் விடுதலை. அட்டைப்பெட்டி மேல் பெரிய எழுத்தில் குழந்தை சீக்கிரம் உட்காரப் பழகும் என்று போட்டிருக்கிறார்களே, அதற்கு நட்சத்திரம் கிடையாது, ஏனென்றால் அது நடக்கிற காரியமில்லை.

எந்த இருக்கை என்று தெரிந்திருக்கும்: ஒரே வார்ப்பில் செய்த கெட்டி ஃபோம், நடுவில் ஆழமாக ஒரு குழி, இரண்டு காலுக்கும் தனித்தனி இடம், தொடைகளுக்கு நடுவே ஒரு மேடு. குழந்தைக்குத் தலை நின்றவுடனே, தானாக உட்கார இன்னும் மாதக்கணக்கில் இருக்கும்போதே, இதில் வைக்கலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பல பேர் செய்கிறார்கள், வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் நான் எழுதுவதை ஏதோ ஒரு மாடலுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முன்னாலிருந்து போட்டோ எடுத்தால் அருமையாகத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் வந்து பாருங்கள். குழி ஆழமாக இருப்பதால் பின்புறம் கீழே இறங்கி, முழங்கால்கள் இடுப்பைவிட மேலே ஏறி, இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து, கீழ்முதுகு வளைந்து கிடக்கிறது. தானாக நன்றாக உட்காரத் தெரிந்த ஒரு குழந்தையை வெறும் தரையில் அதே பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு நேராக நிற்கும், எடை பின்புறத்தின் மேல் சரியாக இறங்கியிருக்கும். இரண்டும் ஒரே காரியம் இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

முதுகு வளைவதையாவது விட்டுவிடலாம், என் பெரிய குறை வேறு. உட்காருவது என்றால் ஆடாமல் இருப்பது இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும்போதும் ஓயாமல் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறோம், கண், உள்காது, தோல், மூட்டுகள் எல்லாம் அதை மூளைக்குச் சொல்ல, தசைகள் இழுத்து மறுபடி நேராக்குகின்றன, நமக்குத் தெரியாமலே. குழந்தை பழக வேண்டியது இந்தச் சாய்வையும் திருத்தத்தையும்தான். அந்தப் பிடிப்பு மேலிருந்து கீழே இறங்கி வருகிறது: முதலில் தலை, அப்புறம் நெஞ்சுப் பகுதி, அப்புறம் வயிற்றுப் பகுதி, கடைசியில் இடுப்பு. நடுவில் இரண்டு கைகளையும் முன்னால் தரையில் ஊன்றி உட்காரும் ஒரு கட்டம் உண்டு. முன்பக்கம் சாய்ந்தால் கை நீட்டித் தாங்குவது முதலில் வரும், பக்கவாட்டில் தாங்குவது அதற்குப் பின், பின்பக்கம் கை ஊன்றுவது கடைசி. நன்றாக உட்கார ஆரம்பித்த குழந்தையும் திடீரென்று மல்லாக்க விழுவது அதனால்தான்.

இந்த இருக்கை நெஞ்சுக்குக் கீழே எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறது. சாய இடமில்லை, அதனால் திருத்தும் வேலையும் இல்லை. கை தரையை எட்டாது, ஊன்றவும் முடியாது. பக்கத்தில் கிடக்கும் பொம்மைக்காக எடையை அந்தப் பக்கம் மாற்றி, திரும்பி, கவிழ்ந்து, அப்படியே தவழும் நிலைக்குப் போகிற வழியே அடைபட்டுப் போகிறது. மிதவை வளையத்துக்குள் இருப்பவரைப் பார்த்து நீச்சல் பழகுகிறார் என்று சொல்வோமா? பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்கு வைத்திருக்கும் செங்கீரைப் பருவம் என்ன, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. அந்த வயதுக்கு வேலை தரையில்தான் என்று புலவர்கள் கவனித்திருக்கிறார்கள், பெட்டியில் அச்சடித்தவர்கள் கவனிக்கவில்லை.

சரி, எப்படியாவது உட்கார்ந்து பழகட்டுமே, உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் 2000-இல் வெளியிட்டது. ஒன்பதரை மாதக் குழந்தைகளை, அகலத்தை மாற்றக்கூடிய ஒரு இடைவெளியின் விளிம்பில் வைத்து, எதிர்ப்பக்கத்தில் ஆசை காட்டினார்கள். ஏற்கனவே நன்றாக உட்காரப் பழகியிருந்த அந்தக் குழந்தைகள், உட்கார்ந்த நிலையில் எட்டாத தூரத்துக்குப் பெரும்பாலும் சாயவே இல்லை. அதே குழந்தைகள் அப்போதுதான் பழகிய தவழும் நிலையில் அதே இடைவெளிக்குள் நேராகப் போய் விழுந்தார்கள் (பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது, கவலைப்பட வேண்டாம்). ஒரு நிலையில் சம்பாதித்த சமநிலை அடுத்த நிலைக்கு அப்படியே போய்ச் சேருவதில்லை. தானாக உட்கார்ந்து பழகியதே தவழும்போது கைகொடுக்கவில்லை என்றால், ஃபோம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எதற்குக் கைகொடுக்கும்? அடால்ஃபும் கூட வேலை செய்தவர்களும் 2012-இல் இன்னொன்றும் எண்ணிச் சொன்னார்கள்: 12 முதல் 19 மாதக் குழந்தைகள் இஷ்டத்துக்கு விளையாடும்போது சராசரியாக மணிக்கு 2,368 அடி எடுத்து வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். விழாமல் பழக வைக்கிறேன் என்று யாராவது பொருள் விற்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

அவசரமும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், ஆதரவில்லாமல் உட்காரும் வயது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை விரிகிறது. தானாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. 4.3 சதவீதக் குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழவே இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஐந்தாம் மாதமே உட்கார்ந்துவிட்டது என்பது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். அமெரிக்காவில் இந்த வகையில் பிரபலமான ஒரு இருக்கையை 2007-இல் சுமார் 10 லட்சமும் 2012-இல் சுமார் 40 லட்சமும் திரும்ப அழைத்தார்கள், இரண்டாம் முறை பெல்ட் சேர்த்துக் கொடுத்தார்கள். மேசை, நாற்காலி மேல் வைத்த இருக்கையிலிருந்து குழந்தைகள் முதுகை வில்லாக வளைத்து உந்தி வெளியே விழுந்து மண்டையோடு விரிசல் கண்டதுதான் காரணம், தரையில் வைத்தபோதும் வெளியே வந்திருக்கிறார்கள். ஆகவே தரையில் மட்டும், பெல்ட் போட்டு, நம் பார்வையில்.

எங்கள் வீட்டில் கண்ட இன்னொரு சங்கடம், தொடை கொஞ்சம் கொழுகொழு என்று இருந்தால் குழந்தையைத் தூக்கும்போது இருக்கையும் கூடவே வருகிறது. ஒரு கையால் இருக்கையை அமுக்கிக்கொண்டு மறு கையால் குழந்தையை உருவ வேண்டியிருக்கிறது, கைகளுக்கு விடுதலை என்று மேலே சொன்னதில் பாதியை இங்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இதற்குப் பதில் எது என்றால், கெட்டியான ஒரு விரிப்பு போதும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போடுங்கள். நகரத் தொடங்காத குழந்தைக்கு நாள் முழுவதும் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடம் இது வேண்டும் என்றும், எந்த வகையிலும் கட்டிப்போட்டமாதிரி ஒரே நீட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. தள்ளுவண்டியும் கார் இருக்கையும் ஏற்கனவே நாளில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடுகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள். உட்காரப் பழக்க ஆசையாக இருந்தால் உங்கள் கால்களுக்கு நடுவே தரையில் உட்கார வைத்து, முதலில் விலாவில் பிடியுங்கள், ஆட்டம் குறைந்ததும் கையை வயிற்றுக்கு இறக்குங்கள், அப்புறம் இடுப்புக்கு. உங்கள் கைக்கு மேலே இருக்கும் பகுதி மட்டும் தானாக ஆடித் தானாகத் திருத்திக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட்டுகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான், ஃபோமால் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க முடியாது.

யார் வாங்கலாம்? ஏற்கனவே தானாக உட்காரும் குழந்தையைச் சாப்பாடு ஊட்ட பத்து நிமிடம் ஓரிடத்தில் நிறுத்த வேண்டியவர்கள், வேறு எதையும் எதிர்பார்க்காமல். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிக்காமல் உட்காரவில்லை, அல்லது உடம்பு தொளதொளவென்றோ விறைப்பாகவோ இருக்கிறது, ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்துகிறது என்றால் இருக்கை தேட வேண்டாம், குழந்தை மருத்துவரைப் பாருங்கள். யாராவது பழையதை இலவசமாகத் தருகிறார்கள் என்றால் பெல்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.