பிரஷ் அளவு மாற்ற: அடைப்புக்குறிச் சாவியா, மவுஸ் இழுப்பா?

கல்யாண சீசனில் நாகர்கோவில் ஸ்டுடியோக்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: போட்டோஷாப்பில் பிரஷ் அளவை எப்படி மாற்றுவது நல்லது?

வேகம்
சாவி: ஆங்கில 'P' எழுத்துக்கு வலப்பக்கம் உள்ள இரண்டு சதுர அடைப்புக்குறிகள். முதலாவது சிறிதாக்கும், அடுத்தது பெரிதாக்கும். ஆனால் படிப்படியாகத்தான்.
மவுஸ்: விண்டோஸில் ஆல்ட் அழுத்தி, வலது பட்டனோடு பக்கவாட்டில் இழுத்தால் ஒரே வீச்சில் மாறும்.

கூர்மை
சாவி: ஷிப்ட் சேர்த்தால் பிரஷ் ஓரத்தின் கடினம் 25 சதவீதம் கூடும், குறையும்.
மவுஸ்: அதே பிடியில் மேலும் கீழும் இழுத்தால் போதும். மணப்பெண் கொண்டையில் தோவாளைப் பிச்சிப்பூ இருக்கும். ஒவ்வொரு இதழோரமும் கடினமான சிறு பிரஷ் கேட்கும். பக்கத்திலேயே கன்னத்துக்கு மென்மையான பெரிய பிரஷ் வேண்டும். இந்த மாற்றத்தில் மவுஸை அடிக்க ஆளில்லை. பிரஷ் எவ்வளவு பெரிது என்று படத்தின் மேலேயே தெரியும்.

தடங்கல்
சாவி: ஆல்பத்தில் பெயர் அடித்துவிட்டு தமிழ்99 தட்டச்சு முறையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தால், அந்தச் சாவிகள் 'ச', 'ஞ' ஆகிவிடும். அரை மணி நேரம் சாவி கெட்டுவிட்டது என்றே நினைத்திருக்கிறேன்.
மவுஸ்: லேப்டாப் டச்பேடில் கை வலிக்கும்.

முகம், பூ, நகை திருத்துகிறவர்கள் மவுஸுக்குப் பழகுங்கள். டச்பேடில் வேலை செய்பவர்களுக்கும், ஒரே அளவை ஒன்றிரண்டு படி மட்டும் கூட்டிக் குறைப்பவர்களுக்கும் சாவியே சரி. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளுக்குப் போனால் ஷிப்ட் அழுத்தி இடது பட்டனால் இழுக்க வேண்டும்.