செயல்வழி அட்டையா, எண்ணும் எழுத்துமா? வாசிக்க வெச்சது எது?

காசிமேட்டுல எங்க வீட்ல ரெண்டு புள்ளைங்க அரசுப் பள்ளியோட ரெண்டு திட்டத்துல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. எம்பையன் 2009ல ஒண்ணாவது சேர்ந்தப்ப செயல்வழிக் கற்றல், அதாவது அட்டை முறை; தங்கச்சி பொண்ணு 2022ல சேர்ந்தப்ப எண்ணும் எழுத்தும்.

அட்டை முறை 2003ல நம்ம சென்னை மாநகராட்சி ஸ்கூல் 13லதான் ஆரம்பிச்சது, அப்புறம்தான் தமிழ்நாடு முழுக்க போச்சு. ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் புள்ளைங்க கலந்து பாய்ல உக்காருவாங்க, அடுத்து எந்தப் பாட அட்டைன்னு வரிசையா காட்டுற ஏணிப்படி சார்ட்டைப் பாத்து அவனவன் அட்டையை எடுத்துப்பான். எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா, ஜுரத்துல ஒரு வாரம் லீவு போட்டாலும் விட்ட அட்டையில இருந்தே தொடரலாம், யாரும் அவனை விட்டுட்டு ஓட மாட்டாங்க. ஆனா எம்பையன் அட்டையில இருக்கிற படத்தைப் பாத்து வார்த்தையைச் சொல்லிட்டிருந்தான், நான் படத்தை விரலால மறைச்சா முழிப்பான். அவ்ளோ புள்ளைங்களுக்கு நடுவுல ஒரே டீச்சர் இதை எப்படிக் கவனிப்பாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல மனசு வரல.

எண்ணும் எழுத்தும் கொரோனாவுக்கு அப்புறம் வந்தது. 2025க்குள்ள 8 வயசுக்குள்ள இருக்கிற எல்லாப் புள்ளையும் எழுதப் படிக்கணும்னு இலக்கு வெச்சாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு பாட்டு, பொம்மைன்னு நடத்துறாங்க, பாப்பா ஸ்கூலுக்கு ஓடிப்போறா. குறைன்னா, டெஸ்ட்டு வெச்சு ஆப்ல ஏத்துறதுலயே டீச்சருக்குப் பாதி நேரம் போயிடுது.

தமிழ்ல 247 எழுத்து தெரிஞ்சுட்டா மட்டும் வாசிப்பு வந்துடாதுங்க. கடல்ல வர்ற க வேற, பகல்ல வர்ற க வேற, சங்குக்குள்ள கு இன்னொரு மாதிரி. எங்க ஏரியால "வூடு"ன்னு பேசுற புள்ள புக்குல "வீடு"ன்னு பாத்தா ஒரு செகண்டு தயங்கும், அந்தத் தயக்கத்தைக் கேக்க பக்கத்துல ஒரு ஆள் வேணும். பாப்பாவுக்கு அந்த ஆளா இருந்தது தெருவுல சாயந்திரம் இல்லம் தேடிக் கல்வின்னு அரசுத் திட்டத்துல தன்னார்வலரா வகுப்பு நடத்துன அக்காதான், ஒவ்வொருத்தரையா சத்தமா படிக்கச் சொல்லி, தப்பு வந்தா நிறுத்தித் திருத்துவாங்க.

ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னா நான் எண்ணும் எழுத்தும் பக்கம்தான், ஆரம்பத்துக்கு அது நல்லாவே புடிச்சு வைக்குது, ஆனா அட்டை முறையில இருந்த "உன் வேகத்துல வா" அதுல சேரணும். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல நான் கேக்கப்போறது இதுதான்: ஆப் வேலையைக் குறைச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஒவ்வொரு புள்ளையும் டீச்சர் பக்கத்துல உக்காந்து ஒரு பக்கம் படிக்க நேரம் ஒதுக்குங்க.