‘தழும்பே தெரியாது’ என்று சொன்னால் காசைக் கட்டாதீர்கள்

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்தேன். போன கிழமை என்னோடு படிப்பிக்கும் ஒரு தங்கச்சி, எனக்கு மார்பைத் தூக்கும் ஒப்பரேஷன் செய்த அதே கிளினிக்கின் விளம்பரத்தைப் போனில் காட்டி, “அக்கா, இந்த இடம் நல்லதா?” என்று கேட்டாள். என் கதை அவளுக்குத் தெரியாது. இனியும் பேசாமல் இருந்தால் அது பாவம்.

பதினைந்து வயதிலிருந்தே எனக்கு இடது மார்பு வலதைவிடப் பெரிது, இறங்கியும் இருக்கும். இரண்டும் ஒரே அளவாக இருக்கும் பெண்கள் குறைவு என்பது இப்போது தெரிகிறது. ஆனால் என்னுடையது வெளியே தெரிகிற வித்தியாசம். டீச்சர் வேலை, தினமும் சேலை. ஹட்டனில் எனக்குத் தைத்துத் தரும் அக்கா, நான் கேட்காமலே பிளவுஸின் வலது பக்கத்தில் மட்டும் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்துவிடுவார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

கண்டியில் உள்ள அந்தக் கிளினிக்கில், “மிஸ், இடது பக்கத்தைத் தூக்கிவிட்டால் சமமாகிவிடும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் மட்டும்தான் வெட்டு, தழும்பே தெரியாது” என்றார்கள். சொன்னவர் டொக்டர் இல்லை, பணம் வாங்கும் பெண். அந்த வாரமே கட்டினால் விலை குறையும் என்றார். சீட்டுக் காசு, அடகு வைத்த சங்கிலி எல்லாம் சேர்த்து நான்கரை லட்சம் கட்டினேன். டொக்டரை முதன்முதலில் பார்த்தது ஒப்பரேஷன் அன்று காலையில், அதுவும் நான் கட்டிலில் படுத்த பிறகு. படுத்தால் மார்பு பரவிவிடும். உட்காரவைத்தோ நிற்கவைத்தோ அளந்து கோடு போட வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா என்றும் யாரும் கேட்கவில்லை. கர்ப்பமானால் வடிவம் மறுபடி மாறும், பாலூட்டுவதிலும் சிக்கல் வரலாம்.

வேனில் திரும்பினோம். நாவலப்பிட்டி தாண்டி கினிகத்தேனை வளைவுகளில் அம்மா ஒரு தலையணையை என் மார்போடு அணைத்துப் பிடித்தபடியே வந்தார்.

வீக்கம் வற்றியபோது நன்றாகத்தான் இருந்தது. ஆறாம் மாதம் இடது மார்பு மறுபடி இறங்கியது. கருவட்டம் இழுபட்டு நீள்வட்டமாகி, சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தழும்பு. கிளினிக்கில் கேட்டால், “உங்கள் தோல் அப்படி” என்றார்கள்.

அப்புறம்தான் அரசாங்க ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போனேன். அந்த டொக்டர் என்னை உட்காரவைத்து, கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை நாடாவால் அளந்தார். வலது 22 சென்டிமீட்டர், இடது 25. காம்பு மார்பின் அடிமடிப்புக்குக் கீழே இருந்தது. அவர் விளங்கப்படுத்தியது இதுதான்: தூக்கும் சிகிச்சை இறக்கத்தைத்தான் சரிசெய்யும், பருமனை அல்ல. பருமன் வித்தியாசம் இருந்தால் பெரிய பக்கத்தில் சதையைக் குறைக்க வேண்டும், அல்லது சிறியதை நிரப்ப வேண்டும். வட்ட வெட்டு இலேசான இறக்கத்துக்கு மட்டும் சரிவரும். கனத்த மார்பை அந்த ஒற்றை வட்டத் தையல் தாங்காது, எனவே வட்டம் விரியும். எனக்கு ஆரம்பத்திலேயே கருவட்டத்திலிருந்து கீழே மடிப்பு வரை ஒரு நேர் வெட்டும் தேவைப்பட்டிருக்கும். அந்தத் தழும்பு தெரியும். மங்க ஒரு வருஷமாவது ஆகும். யாராவது அதை முன்பே சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பேன்!

தங்கச்சிமாரே, எந்த வெட்டு, ஏன் அந்த வெட்டு என்று, வெட்டப் போகிற டொக்டரின் வாயாலேயே கேளுங்கள். அதற்கு முன் ஒரு சதமும் கட்டாதீர்கள். அவர் பெயரை இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். டொக்டராகப் பதிந்திருப்பது வேறு, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராக இருப்பது வேறு. தனியார் மருத்துவ நிலையமும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, வித்தியாசம் திடீரென்று வந்ததென்றால் அழகு சிகிச்சையை விடுங்கள், முதலில் டொக்டரிடம் மார்பைக் காட்டுங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பெண்களைப் பரிசோதிக்கும் சுவநாரி கிளினிக்கிலும் பார்ப்பார்கள்.

பற்றுச்சீட்டையும் படங்களையும் வைத்து முறைப்பாடு எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஒப்பரேஷனில் காம்புக்கு இரத்த ஓட்டம் குறையும் ஆபத்து கூடுதல், தழும்பு நன்றாக ஆறட்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த கிளினிக் திகதி மார்ச்சில். அந்தத் தங்கச்சியையும் அன்று கூட்டிக்கொண்டு போகிறேன்.